மாடிக்கு ஏறாத வைஃபை

மதுரையில் எங்கள் வீடு தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடிகளும் கொண்டது. இணைய இணைப்பு கொடுக்க வந்தவர்கள் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, டிவி கேபிளுக்காக என்றோ போட்ட ஓட்டை வழியாக உள்ளே விட்டு, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மோடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஹாலில் வேகத்துக்குக் குறைவே இல்லை. இரண்டாவது மாடியில் நான் வேலை பார்க்கும் அறையிலோ வைஃபை குறி இரண்டு கோடு காட்டும், ஆனால் ஒரு வீடியோ கால் பத்து நிமிடம் நிற்காது. "கீழ நல்லாத்தானப்பா வருது" என்பார் அப்பா. அவர் சொல்வதும் உண்மைதான்.

ஒருநாள் சாயங்காலம் போனில் சிக்னல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஹாலிலிருந்து படி படியாக ஏறிப் பார்த்தேன். ஹாலில் மைனஸ் 42 காட்டியது. மாடிப்படி திரும்பும் இடத்தில் மைனஸ் 58. முதல் மாடிப் படுக்கையறைக்குள் போனதும் மைனஸ் 74. இரண்டாவது மாடியில் என் நாற்காலியில் உட்கார்ந்ததும் மைனஸ் 88க்குப் போய், அங்கே போனே, வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு, மெதுவான 2.4க்குத் தாவியது. படிக்கட்டில் மெதுவாக இறங்கிய எண், அறைக்குள் நுழைந்ததும் தொப்பென்று விழுந்தது. மாடி வீட்டு வைஃபையில் புரிந்துகொள்ள வேண்டிய பெரும்பகுதி இந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

அந்த எண்கள் டிபிஎம் என்ற அலகில் வருபவை. சுழியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 67க்கு மேலே இருந்தால் வீடியோ கால் நிம்மதியாக ஓடும். மைனஸ் 75க்குக் கீழே போனால் தடுமாறும். மைனஸ் 90ஐ நெருங்கினால் சிக்னலும் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு டிபிஎம் எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை டெசிபல் என்பார்கள். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. மைனஸ் 42க்கும் மைனஸ் 88க்கும் நடுவே இருப்பது பல்லாயிரம் மடங்கு.

இதை ஒரு உதாரணத்தோடு போட்டுப் பார்க்கலாம். வீட்டு ரூட்டர் ஒன்று, அதாவது வைஃபை அலையை அனுப்பும் பெட்டி, 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் அளவில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை திறந்த வெளியில் 10 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 67 டெசிபலை இழக்கும். மிஞ்சுவது மைனஸ் 47. அது அருமையான சிக்னல். இப்போது குறுக்கே ஒரு கான்கிரீட் தளம் வருகிறது. கலவை, கனம், ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த இழப்பு மாறும். நம் வீட்டுத் தளத்துக்கு 20 டெசிபல் என்று வைத்தால் மைனஸ் 67. அப்புறம் ஒரு செங்கல் சுவர், சுமார் 8 போனால் மைனஸ் 75. இன்னொரு தளமும் வந்தால் மைனஸ் 95. அங்கே ஒன்றும் கேட்காது. அதே ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தூரத்திலும் இழப்பு குறைவு, கான்கிரீட்டிலும் குறைவு. அது இரண்டு தளத்தையும் தாண்டி மைனஸ் 70 சொச்சத்துக்கு வந்து சேரும். என் அறையில் கோடு தெரிந்ததும், வேகம் வராததும் அதனால்தான்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, "பெரிய ஆன்டெனா வைத்த ரூட்டர் வாங்கினால் சரியாகிவிடும்" என்ற யோசனையை நான் கைவிட்டேன். சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஒரு தளம் பிடுங்கிக்கொள்ளும் 20 டெசிபலை ஈடுகட்ட 100 மடங்கு சக்தி வேண்டும். சட்டமும் அதற்கு இடம் தராது, அந்தச் சிறிய பெட்டியும் தாங்காது.

தளம் ஏன் இப்படி விழுங்குகிறது? நம் ஊர் வீட்டுத் தளம் பெரும்பாலும் நாலரை அங்குலத்திலிருந்து 6 அங்குலம் வரை கனம். உள்ளே 8 அல்லது 10 மில்லிமீட்டர் கம்பிகள், அரை அடி இடைவெளியை ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருப்பார்கள். கம்பி வலை அலையை ஓரளவு திருப்பி அடிக்கும், கான்கிரீட்டில் தங்கியிருக்கும் ஈரம் மீதியை உறிஞ்சும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. அலை குட்டையாகக் குட்டையாக கான்கிரீட்டுக்குள் அதன் இழப்பு கூடுகிறது. குளியலறைக்குக் கீழே நிலைமை இன்னும் மோசம். குழாய் போவதற்காகத் தளத்தைக் கீழிறக்கிப் போட்டு, ஜல்லியும் செங்கல் துண்டும் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். கனமும் ஈரமும் சேர்ந்த இடம் அது. மோடத்துக்கு நேர் மேலே குளியலறை இருந்தால் மாடிக்கு ஒன்றும் ஏறாது.

சாய்வாகப் போகும் அலைக்குத் தளம் இன்னும் கனமாகத் தெரியும். 6 அங்குலத் தளத்தை 45 டிகிரியில் கடந்தால் எட்டரை அங்குலம் கடக்க வேண்டும். வீட்டின் முன்மூலையில் கீழே இருக்கும் மோடத்திலிருந்து பின்மூலையில் மேலே இருக்கும் அறைக்கு அலை போவது இப்படித்தான். வழியில் சுவர்கள் வேறு. அந்த வரிசையில் ஒரு இரும்பு பீரோ நின்றால் கதை முடிந்தது. பீரோ கதவுக் கண்ணாடியின் பின்பூச்சும், பிரிட்ஜும், தண்ணீர் நிரம்பிய மீன் தொட்டியும் அப்படியே. ஒரு அறையில் மட்டும் காரணமே இல்லாமல் சிக்னல் செத்துப்போனால், சுவரைத் திட்டுவதற்கு முன் பீரோ எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஆன்டெனாவின் குணமும் இதில் சேர்கிறது. ரூட்டரில் குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா எல்லாப் பக்கமும் சமமாக அலையை வீசுவதில்லை. உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். வடையின் ஓட்டைக்குள் குச்சியைச் செங்குத்தாகச் செருகினால், அலை பரவும் வடிவம் அந்த வடைதான். பக்கவாட்டில் தாராளமாகப் போகும், குச்சியின் நுனி காட்டும் திசையில், அதாவது நேர் மேலே, ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. தளத்தை நேராகக் கடப்பதுதான் சுருக்கமான வழி என்று பார்த்தோம். அந்தத் திசையில்தான் வடைக்கு ஓட்டை. அதனால் இரண்டு குச்சி இருந்தால் ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைப் படுக்க வைத்தும் பாருங்கள். காசில்லாத வைத்தியம். ஒரு மாடிக்கு நன்றாகவே பலன் தெரியும், இரண்டாவது மாடிக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் சொல்வது போனுக்குக் கேட்டால் போதாது, போன் சொல்வது ரூட்டருக்கும் கேட்க வேண்டும். போனின் ஆன்டெனா சிறியது, பேட்டரியைக் காப்பாற்ற அது அனுப்பும் சக்தியும் குறைவு. கோயில் திருவிழாவில் மைக்கில் அறிவிப்பவர் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கும், கூட்டத்திலிருந்து நாம் பதில் சொன்னால் அவருக்குக் கேட்காது. மாடியில் போன் காட்டும் கோடுகள் ரூட்டரின் குரலை அளப்பவை. நம் குரல் கீழே போய்ச் சேர்ந்ததா என்று அவை சொல்லாது. கோடு இருந்தும் நெட் ஓடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரூட்டரின் சக்தியைக் கூட்டுவதால் இது தீராது என்பதும் இதிலிருந்தே தெரியும்.

இன்னொன்று, மாடியில் இருப்பவரின் கஷ்டம் மாடியோடு நிற்பதில்லை. ரூட்டரும் போன்களும் பேசிக்கொள்ளும் அலைவரிசைத் துண்டுக்குச் சேனல் என்று பெயர். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிக்னல் மெலிந்தால் போனும் ரூட்டரும் பிழை வராதிருக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹாலில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் அதே தரவுக்கு மாடியிலிருந்து பல மடங்கு நேரம் பிடிக்கும். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். நான் மேலே வீடியோ காலில் இருக்கும்போது கீழே அப்பா பார்க்கும் செய்தி சேனல் சுற்றிக்கொண்டு நின்றதன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

சரி, என்ன செய்யலாம்?

நான் முதலில் செய்தது தவறான வேலை. சுவர் சாக்கெட்டில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி என் அறையிலேயே செருகினேன். கோடு நான்கானது, வேகம் அப்படியே இருந்தது. மெலிந்து வந்த சிக்னலை வாங்கி உரக்கச் சொல்வதால் என்ன பயன்? அதற்குக் கிடைத்ததே அவ்வளவுதான். அதோடு ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திரும்பச் சொல்லும் ரிப்பீட்டர் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை காற்றில் அனுப்புகிறது. அதனால் வேகம் சரிபாதியாகக் குறையும். ரிப்பீட்டரோ, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் கருவியோ, வைக்க வேண்டிய இடம் சிக்னல் இல்லாத அறை இல்லை. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடம்தான் அதற்குச் சரி. பெரும்பாலான வீடுகளில் அது மாடிப்படி திரும்பும் இடம். கான்கிரீட் இல்லாமல் கீழும் மேலும் ஒன்றையொன்று பார்க்கும் திறப்பு வீட்டில் அது ஒன்றுதான்.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, மோடத்தையே இடம் மாற்றுவது. மோடம் என்று நாம் கூப்பிடும் பெட்டிக்கு வருவது கண்ணாடி இழை. அதில் ஓடுவது ஒளி. இன்னும் 15 மீட்டர் கூடுதலாக ஓடினாலும் அதற்குக் கணக்கில் எடுக்கும் இழப்பு இல்லை. மூன்று தளமுள்ள வீட்டில் மோடம் தரைத்தள மூலையில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது, ஒயர் இழுத்தவருக்கு அது சௌகரியம், அவ்வளவுதான். அந்த இழையை முன்சுவர் வழியாக முதல் மாடிக்கு ஏற்றி, வீட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தால், மேலேயும் கீழேயும் கடக்க ஒவ்வொரு தளம்தான் மிஞ்சும். இரண்டு தளம் கடப்பது என்பதே வீட்டில் இல்லாமல் போகும். புது இணைப்பு வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொண்டால் இதற்குத் தனிச் செலவு அநேகமாக இருக்காது. இழையைச் சுவர் மூலையில் ஒடித்து மடக்காமல் வளைவாக விடச் சொல்லுங்கள். கூரான மடிப்பில் ஒளி கசியும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒவ்வொரு மாடியிலும் முழு வேகம் வேண்டுமென்றால், என் முடிவான கருத்து இதுதான்: அலையைத் தளத்தின் வழியாகத் தள்ளாதீர்கள், ஒயரை அனுப்புங்கள். ஒயர் தளத்தைக் கடக்கட்டும், வைஃபை அந்தந்த மாடிக்குள் மட்டும் பரவட்டும். நெட்வொர்க்குக்கான செம்புக் கேபிள்களில் கேட் 6 வகையோ, கேட் 5இ வகையோ 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகத்தைக் குறையாமல் சுமக்கும். எந்த வீட்டுக்கும் அது மிக அதிகம். மேல் மாடியில் புதுக் கருவிகூடத் தேவையில்லை. பழைய ரூட்டர் கிடந்தால் அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, அதன் ஐபி முகவரியை மோடத்தின் முகவரியோடு மோதாமல் மாற்றி, கேபிளை லேன் துளையில் செருகினால் அது வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக வேலை செய்யும். மெஷ் வாங்கினாலும் கருவிகளை ஒயரில் கோர்த்துவிடுங்கள். ஒயரில்லாத மெஷ் விளம்பரத்தில் அழகு. நம் ஊர்த் தளத்தில் அந்தக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே திணறும்.

கட்டி முடித்த வீட்டில் ஒயரை எப்படிக் கொண்டுபோவது என்று மலைக்க வேண்டாம். டிவி கேபிள் மாடிக்குப் போன பாதை இருக்கும். சன்ஷேடுக்கு அடியில் ஒட்டினாற்போல வெளிச்சுவரில் ஏற்றலாம். மாடிப்படிச் சுவர் ஓரமாகப் பட்டைக் குழாயில் விடலாம். மின்சார ஒயர் போகும் குழாய்க்குள் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், இரைச்சலும் வரும், ஆபத்தும் உண்டு. வெளியே வெயிலில் கிடக்கப் போகிற கேபிள் என்றால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை போட்டதைக் கேட்டு வாங்குங்கள். மொட்டை மாடி வழியாகத் திறந்தவெளியில் செம்புக் கேபிள் போவதை நான் விரும்பமாட்டேன். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு முனையிலும் இருக்கும் பெட்டிகள் போய்விடும்.

கேபிள் கடையில் ஒரு சோதனை செய்யலாம். உள்ளிருக்கும் கம்பி ஒன்றை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் சரி. வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கொஞ்ச நாளில் முனையில் ஒடியும். முனை மாட்டும்போதும் கூடவே நில்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் உறையை உரித்து, ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் மட்டும் நேராக்கிப் பிடித்து, மீதி நான்கையும் வெட்டப் போனார்.

"அண்ணே, எட்டையும் போட்டுருங்க."

"நாலு போதும் சார், நெட் வரும்."

நெட் வரும்தான், ஆனால் 100 எம்பிபிஎஸோடு நின்றுவிடும். 1 கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இதைச் சொன்னதும் அவர் மறுபேச்சில்லாமல் எட்டுக் கம்பியையும் விரலால் நீவி வரிசையாக்கினார்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நுனியை ஒரே வெட்டில் சமமாக்கி, கண்ணாடி போன்ற அந்தச் சின்ன முனைக்குள் செலுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எட்டும் கடைசிவரை முட்டியிருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் அழுத்தினார். அதே முனைகள் இன்றுவரை ஓடுகின்றன.

மின்சார ஒயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் அடாப்டர்களும் உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலும் மும்முனை இணைப்பு, மாடிக்கு ஒரு பேஸ் என்று பிரித்திருப்பார்கள், இன்வெர்ட்டர் லைன் தனியாகப் போகும். பேஸ் மாறினால் அந்த அடாப்டர்கள் தடுமாறும். பணத்தைக் கேபிளில் போடுவது மேல்.

இனி சேனல் விஷயம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமமில்லாமல் பயன்படுத்த 2005இல் அனுமதி வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமாக இடம் திறந்தது 2018 அக்டோபரில். 2.4இல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்று மூன்றே சேனல்கள்தான். நெருக்கமான தெருவில் பக்கத்து வீடுகளும் அவற்றில்தான் இருக்கும். மாடிக்கொரு எண் கொடுத்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். வேகத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ். கீழே 36, முதல் மாடியில் 149, இரண்டாவது மாடியில் மறுபடி 36 என்று வைக்கலாம். நடுவே இரண்டு தளம் இருப்பதால் கீழும் மேலும் மோதிக்கொள்ளாது. இத்தனை நேரம் எதிரியாக இருந்த கான்கிரீட் இங்கே நமக்கு உதவுகிறது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறப்பதற்கான வரைவு விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அந்தப் பட்டையில் இடம் தாராளம், ஆனால் தளத்தைக் கடப்பது 5ஐவிடக் கடினம். மாடிக்கொரு பெட்டி என்ற தேவை வரவர கூடத்தான் போகிறது.

எல்லா மாடிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வையுங்கள். எந்தப் பெட்டியோடு சேருவது என்று முடிவெடுப்பது போன்தான். சில போன்கள் மாடிக்கு வந்த பிறகும் கீழே உள்ள பெட்டியைவிட்டு விலகாது. பெட்டிகளின் சக்தியை நடுத்தரத்துக்குக் குறைத்தால் அவை சீக்கிரம் கைமாறும். சக்தியைக் குறைத்தால் வேலை நன்றாக நடக்கும் என்பதை நம்ப எனக்கே சில நாட்கள் ஆயின. மறக்கக் கூடாத இன்னொன்று, எல்லாப் பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். மேல் மாடிப் பெட்டி மட்டும் ஓடி, கீழே மோடம் அணைந்து கிடந்தால் கோடு முழுதாகத் தெரியும், நெட் இருக்காது.

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். கான்கிரீட் போடும் நாளுக்கு முன்பே பொறியாளரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் சொல்லுங்கள்: மின்சாரக் குழாயிலிருந்து விலகி, தனியாக ஒரு அங்குலக் குழாய், ஒவ்வொரு மாடியிலும் நடுக்கூடத்து மேற்கூரை வரை. திருப்பங்களில் எல்போ வேண்டாம், நீள வளைவு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேபிள் சிக்கும். உள்ளே ஒரு நைலான் கயிறை இழுத்து இரண்டு முனையிலும் கட்டி விட்டுவிட வேண்டும். பூச்சு வேலை தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு சுவரிலும் டேப்பை வைத்துப் பிடித்து, தரையிலிருந்து குழாய் எத்தனை அடியில் போகிறது என்று தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.